பார்வையாளர் புத்தகத்தில் தவம் அண்ணை

போன மாதம் பிரான்சுக்குச் சுற்றுலா போய், ஒரு பழைய மடாலயத்துக்குள் நுழைந்ததும், தேன்மெழுகும் ஈரக் கல்லும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறியது. அங்கேயே நின்றுவிட்டேன் என்றால் சிரிப்பீர்கள். பக்தியால் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

இரண்டாயிரங்களின் தொடக்கம். நான் இன்றும் வாழும் இந்த நாட்டில், ஹம் நகருக்குப் பக்கத்தில், அகதி விண்ணப்பக்காரரை வைத்திருந்த விடுதியில் எனக்கும் தவம் அண்ணைக்கும் ஒரே அறை. எனக்குப் பத்தொன்பது வயது, மடாலயப் பைத்தியம். நூலகப் படங்களைப் பார்த்துவிட்டு, எந்தத் தூண் எந்த நூற்றாண்டு என்று சமையலறையில் விளக்குவேன். அண்ணை பருப்புக்கு உப்புப் போட்டபடி "ஓம், ஓம்" என்பார். ஆனால் அனுமதித் தாள் இல்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்ட எங்களுக்கு உரிமையில்லை. நல்ல மடாலயமோ எல்லைக்கு அப்பால், ரயிலில் மூன்றே தரிப்பிடம்.

அண்ணையின் விண்ணப்பத்துக்கு இரண்டு கிழமையில், பதினாலே நாளில், விசாரணை.

"பிடிபட்டா என்ர கேஸ் என்ன கதியடா?"

"ஒரு மணித்தியாலம்தான் அண்ணை. வாங்கோ."

வந்தார். ரயிலில் சீருடையைக் கண்ட போதெல்லாம் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்தது; குனிந்து கட்டினோம்.

உள்ளே போனதும், அதே மெழுகு மணத்தில், நான் எல்லாவற்றையும் மறந்து கூரையைப் பார்த்துத் திரிந்தேன். அண்ணை கடைசி வாங்கில் உட்கார்ந்து, கதவைப் பார்த்தபடி இருந்தார். வெளியேறும் இடத்தில், மேசையில் பார்வையாளர் புத்தகம். பள்ளியில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கிய என் கை சும்மா இருக்குமா? எங்கள் இருவரின் முழுப் பெயர், விடுதி விலாசம், திகதி எல்லாம் எழுதினேன்.

திரும்பும் ரயிலில் பெருமையாகச் சொன்னேன். அண்ணையின் முகம் வெளிறிப்போனது.

"விசர்ப் பெடியா! பொலிசுக்கு வேலை வைக்காம நீயே எழுதிக் குடுத்திட்டு வந்திருக்கிறாய்!"

அதன் பிறகு விடுதி வாசலில் எந்தக் கார் நின்றாலும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணை என்னோடு பேசுவதையே நிறுத்தினார். ஐந்தாம் நாள் நான் தனியே மறுபடி எல்லை தாண்டினேன். மேசையருகே வயதான துறவி ஒருவர் தரையில் சிந்திய மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தார். காத்திருந்தேன். அவர் போவதாயில்லை. கடைசியில் பலமாக இருமிக்கொண்டே, புத்தகத்தில் எங்கள் பெயர் இருந்த தாளைக் கிழித்தேன். அந்தக் கல் மண்டபத்தில் இருமலை விடக் கிழிசல்தான் பெரிதாகக் கேட்டது. துறவி நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து, விட்ட இடத்திலிருந்து சுரண்டினார். நான் ஓடினேன்.

விடுதிக்கு வந்ததும் தாளைத் துண்டு துண்டாக்கிக் கழிப்பறையில் போட்டோம். அண்ணை மூன்று தரம் தண்ணீரை இழுத்துவிட்ட பிறகே சிரித்தார்.

"இனித் தூண் பாக்கிறதெண்டால் படத்திலை பார், ராசா."

அவருடைய விண்ணப்பத்தை எப்படியும் நிராகரித்தார்கள். ஒரு காலையில் பொலிசார் வந்து, நாடு கடத்தக் கூட்டிப்போனார்கள். எனக்கு விசா கிடைத்த பிறகு எங்கெங்கோ விசாரித்தேன். ஊரிலும் தகவல் இல்லை. விடுதியை இடித்துவிட்டார்கள். அகதிகள் அலுவலகத்தில், உறவினர் அல்லாதவருக்கு அவருடைய கோப்பைக் காட்ட முடியாது என்றார்கள்.

இந்த நாட்டில், யாரும் புரட்டிப் பார்க்கக்கூடிய ஒரே ஒரு தாளில்தான் அண்ணையின் பெயர் இருந்தது. அதைக் கிழித்தது நான்.