சித்திரையில் சொடக்குத் தக்காளி

போன சித்திரையில் அலங்காநல்லூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார் அவர். நாற்பது வயதிருக்கும். வெயிலில் வெந்து கறுத்த கழுத்து, மடியில் ஏர்போர்ட் ஸ்டிக்கர் கிழிக்காத பை. வெளியே பார்த்தபடியே, மூடிய கையால் நெற்றியில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார். தலைவலி போல என்று தைலத்தை நீட்டினேன்.

சிரித்துவிட்டார். "தலைவலி இல்லண்ணே. சொடக்குத் தக்காளிச் செடி எங்கயாச்சும் தெரியுதான்னு பாக்குறேன்."

மழைக்குத் தானாக முளைக்கிற செடி அது. காகிதப் பை மாதிரி ஒரு தோலுக்குள் சுண்டைக்காய் அளவில் பழம். காயை நெற்றியில் அடித்தால் டொப்பென்று வெடிக்கும். பழுத்தால் தித்திக்கும்.

"இந்த வெயில்ல ஏது தம்பி? அது ஐப்பசியில வந்து தையில காஞ்சிருமே."

"தெரியும்ணே. எனக்கு லீவு சித்திரையிலதான் தாரான். பதினோரு வருசமா வாரேன், ஒரு செடி கண்ணுல படல." என் பக்கம் திரும்பி, "இன்னும் முளைக்கத்தான செய்யுது?" என்றார்.

"மழை பெஞ்சா எங்க வாசல்லயே அம்புட்டு கிடக்கும்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கை மட்டும் நெற்றியில் தட்டிக்கொண்டே இருந்தது.

இந்த மார்கழியில் விதையெடுத்து, தையில் போட்டு, தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். களைக்குப் போய்த் தண்ணீரா என்று வீட்டில் ஏச்சு. பங்குனி முடியப் போகிறது, மூன்று செடிகள் காய்த்திருக்கின்றன. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. சித்திரை பிறந்ததும் நாலு காயைப் பறித்துக்கொண்டு அந்த பஸ்ஸில் ஏறுவேன். ஜன்னல் சீட்டைக் காலியாக விட்டுத்தான் உட்காருவேன்.