அக்கா சாப்பிடாத ரோல்ஸ்

செங்கமாரியை, அதாவது மஞ்சள் காமாலையை, வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது, கொட்டாஞ்சேனையில் இருந்தோம். கண் மஞ்சளாகி மூன்று கிழமை படுத்தேன். என் எச்சில் கோப்பையைக் கழுவிய அக்காவும் படுத்தாள். இரண்டு பேருக்கும் சுகமானது. நான் பழையபடி கரம் விளையாட ஓடினேன். சில மாதங்களில் அக்காவின் கண் மட்டும் மறுபடி மஞ்சளானது.

வீடு உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டது: பத்தியம் முறித்திருக்கிறாள், எண்ணெய்ப் பண்டம் ஏதோ களவாகத் தின்றிருக்கிறாள். மாதா கோயிலிலிருந்து வந்த அன்ரிமார்கூட விசாரணை நடத்தினார்கள். பதினாறு வயது அக்கா, "மாதா சத்தியமா இல்லை" என்று அழுதாள். தொற்றிவிடும் என்று அவளுடைய சிநேகிதிகள் படியேறவில்லை. தனிக் கட்டில், தனிக் கோப்பை. எதிரில் ஆளில்லாமல் கரம் பலகையின் இரண்டு பக்கமும் நானே ஓடி ஓடி அடித்தேன். அழுகையாக வந்தது.

ஒருநாள் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீதானே அவளோட பள்ளிக்கூடத்தால வாறது. உண்மையைச் சொல்லு, என்ன வாங்கித் திண்டவள்?"

அவள் ஒன்றும் வாங்கித் தின்றதில்லை. ஆனால் பத்தியம் முறிக்காமலே செங்கமாரி வருத்தம் திரும்புமென்றால் எனக்கும் திரும்புமே!

"ரோல்ஸ்" என்றேன். "சந்திக் கடையில எண்ணெயில பொரிக்கிறது."

கட்டிலில் இருந்த அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பொய்யன் என்று கத்தப்போகிறாள், முதுகு பழுக்கப்போகிறது என்று நினைத்தேன். அவளோ, "ஓம் அம்மா, சாப்பிட்டனான்" என்றாள்.

பிறகு பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். டொக்டர் நல்ல மனிதர். சாப்பாட்டில் ஒரு பிழையும் இல்லை, அவளுடைய உடம்பே அவளுடைய ஈரலைத் தாக்குகிறது என்றார். முதலில் வந்த தொற்று அதைத் தொடக்கி வைத்திருக்கலாம். நிச்சயமாகச் சொல்ல முடியாதாம். கனகாலம் குளிசை விழுங்கவேண்டுமாம். அம்மா அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அக்கா அம்மாவின் கையை விலக்கினாள். "இல்லை டொக்டர், நான் ரோல்ஸ் சாப்பிட்டனான். அதாலதான் வந்தது. இனித் தொடவே மாட்டன், டொக்டர்."

அப்பாடா, கடைசிவரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று மனதுக்குள் அவளைக் கும்பிட்டேன். அவளுடைய கணக்கு வேறு: ரோல்ஸால் வந்த வருத்தமென்றால் ரோல்ஸை விட்டால் போய்விடும். ஒன்றுமே செய்யாமல் வந்த வருத்தத்துக்கு எதை விடுவது? அந்த அறையில் அவள் எவ்வளவு தனியாக இருந்தாள் என்று விளங்காமல், தப்பிவிட்ட சந்தோஷத்தில் நான் காலாட்டிக்கொண்டிருந்தேன்.