பாஸ்டர் சொல்லாதது

எங்கள் சபையில் தெலுங்கோ கன்னடமோ அறவே புரியாதவர்கள் குறைவு. ஓசூரில் பத்து வருஷம் இருந்தால் காய் வாங்குகிற அளவுக்காவது இரண்டும் வந்துவிடும். இந்தி என்றால் மட்டும் எல்லோரும் என்னைத்தான் கை காட்டுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பன்னிரண்டு வருஷம் வடக்கே ஒரு தொழிற்சாலையில் இருந்தவன் நான். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்த கிறிஸ்தவப் பிள்ளைகள் சிலர் மத்திகிரிப் பக்கம் வாடகை அறைகளில் தங்கியிருந்தார்கள். அவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையைத் தேடி வர ஆரம்பித்ததும், பாஸ்டர் என்னைக் கூப்பிட்டு அவர்களை என் பொறுப்பில் விட்டார்.

ஏற்பாடு எளிமையானது. பின்பக்கம் இடது மூலையில், ஜன்னல் ஓரமாக, அவர்கள் பதினொரு பேரும் பாயில் உட்காருவார்கள். நான் அவர்களைப் பார்த்தபடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவேன். பாஸ்டர் மைக்கில் ஒரு வாக்கியம் சொல்லி மூச்சு விடுவதற்குள் நான் அதைத் தாழ்ந்த குரலில் இந்தியில் சொல்லிவிடுவேன். அவர்களுக்குச் 'சீக்கிரம்', 'சாப்பாடு' என்கிற அளவுக்குத் தமிழ் வரும். பிரசங்கத் தமிழ் வராது. நான் பேசுவதோ மின்விசிறிச் சத்தத்தில் அந்த மூலையைத் தாண்டாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறவன். குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. ஓர் உதிரிபாகத்தைக் கையில் எடுத்தால் கீறல் எங்கே என்றுதான் என் கண் போகும். சிவப்பு அட்டையைக் கட்டி ஓரமாக வைத்துவிடுவேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்க நான் பழகவில்லை. "நீங்க பரலோகம் போனாலும், வாசக்கதவு கிறீச்சுங்குது, எண்ணெ போடக் கூடாதான்னுதான் மொதல்ல கேப்பீங்க" என்று ஒருநாள் என் மனைவி சொன்னாள். நான் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பிறரைக் குறை சொல்ல எனக்கு நேரம் காலம் கிடையாது. என்னை யாராவது ஒரு வார்த்தை சொன்னால் மட்டும் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

வடக்குப் பிள்ளைகளிடம் எனக்குக் குறைகள் தெரிந்தன. செருப்பை வாசலிலேயே குவித்துவிட்டு வருவார்கள். பாட்டெல்லாம் முடிந்த பிறகு வருவார்கள். ஒரு பெண்ணிடம் கைக்குழந்தை இருந்தது. அது பிரசங்கம் தொடங்கும்வரை தூங்கும், தொடங்கியதும் அழும். நான் பாஸ்டரிடம் போய் முறையிட்டேன். அவர் திருநெல்வேலிக்காரர், எதற்கும் பதறமாட்டார். "விடுங்க பிரதர், வாராங்கள்லா, அது போதும்" என்றார். எனக்கு அது போதவில்லை.

எப்படித் தொடங்கியது என்று நன்றாக ஞாபகம் இருக்கிறது. தேவனுடைய வீட்டுக்குள் பயபக்தியோடு வர வேண்டும் என்று ஒருநாள் பாஸ்டர் சொன்னார். நான் அதை இந்தியில் சொல்லிவிட்டு, கூடவே "வாசலில் செருப்பைக் குவித்துப் போடுவது பயபக்தி இல்லை" என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்தேன். பதினொரு தலையும் குனிந்தது. எனக்கு உள்ளே இனித்தது. பொய் சொன்னதாகவே நான் நினைக்கவில்லை. பாஸ்டர் சொல்ல மறந்ததைத்தானே எடுத்துக் கொடுக்கிறேன் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் நேரத்துக்கு வருவதைப் பற்றி ஒரு வாக்கியம். அதற்கடுத்த வாரம் குழந்தை. பிறகு போன். பிறகு வாயில் அடக்கும் புகையிலை. வனாந்தரத்தில் தேவன் வானத்திலிருந்து கொடுத்த மன்னாவைத் தின்றுகொண்டே முறுமுறுத்த ஜனங்களைப் பற்றி பாஸ்டர் ஒரு மாதம் தொடர்ந்து பிரசங்கித்தார். முறுமுறுப்பு எவ்வளவு பெரிய பாவம் என்பதை அந்த மாதம் முழுக்க நான் முறுமுறுத்துக்கொண்டே மொழிபெயர்த்தேன். அதிலிருந்த வேடிக்கை அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வருஷத்தில் பதினொரு பேர் நான்கு பேரானார்கள். அதையும் ஒரு குறையாகத்தான் எடுத்துக்கொண்டேன். "இந்தப் பிள்ளைங்களுக்கு நெலச்சு நிக்கிற பக்தி கெடையாது" என்று வீட்டில் சொன்னேன்.

போன மழைக்காலம் முடிந்த சமயம், ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்தக் குழந்தைக்காரப் பெண் என்னிடம் வந்தாள். குழந்தை இப்போது நடக்கிறாள். "அங்கிள்ஜி, நாங்கள் பாஸ்டரிடம் பேச வேண்டும். நீங்கள் தமிழில் சொல்ல வேண்டும்" என்று இந்தியில் கேட்டாள். மற்ற மூவரும் அவள் பின்னால் நின்றார்கள். ஏதோ புகார் என்று எனக்குப் பட்டது. மூலையில் உட்கார வைப்பதைப் பற்றி இருக்கும். சொல்லட்டும், நானும் இரண்டு கேள்வி கேட்கிறேன் என்று மனதுக்குள் வரிந்துகட்டிக்கொண்டு அவர்களைப் பாஸ்டரின் அறைக்கு அழைத்துப் போனேன்.

அவள் உட்காரவில்லை. பாஸ்டரின் முகத்தைப் பார்த்து நின்றுகொண்டே பேசினாள்.

"பாஸ்டர்ஜி, அடுத்த வாரத்திலிருந்து நாங்கள் எங்கள் அறையிலேயே ஜெபம் செய்துகொள்கிறோம். போவதற்கு முன்னால் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வந்தோம். ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் எங்களைத் திருத்தினீர்கள். நாங்களும் முயற்சி செய்தோம். செருப்பு என்றீர்கள், இப்போது கேட்டுக்கு வெளியே வரிசையாக வைக்கிறோம். தாமதம் என்றீர்கள், நைட் ஷிப்ட் முடிந்து அறைக்குப் போகாமல் நேராக இங்கே வருகிறோம். சானமாவுக் காட்டிலிருந்து யானை ரோட்டில் இறங்கி பஸ்ஸை நிறுத்திவிட்டார்களே, அந்த ஒரு நாள்தான் முடியவில்லை. குழந்தை சத்தம் என்றீர்கள்; நான் வெளியே தகரக் கூரைக்கு அடியில் உட்கார்ந்து ஜன்னல் வழியே கேட்கிறேன். இவர் புகையிலையை விட்டுவிட்டார். ஆனாலும் உங்களுக்கு எங்கள்மேல் சந்தோஷம் வரவில்லை. இன்னும் என்ன தப்பு செய்கிறோம் என்று எங்களுக்குத் தெரியவில்லை. மன்னித்துவிடுங்கள்."

புகார் வரும் என்று வரிந்துகட்டிக்கொண்டு வந்தவன் முன்னால் அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றாள். செருப்பு எப்போது வரிசைக்கு வந்தது? அந்த ஆள் எப்போது புகையிலையை விட்டார்? கீறல் பார்க்கிற கண்ணுக்கு இதில் ஒன்றுகூடத் தெரியவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவள் தலை தெரிந்ததைப் பார்த்திருக்கிறேன். காற்றுக்காகப் போகிறாள் என்று நினைத்து, ஆராதனை நடுவில் எழுந்து போவதைப் பற்றியும் ஒரு வாக்கியம் சேர்த்திருக்கிறேன்.

"என்ன சொல்லுதாங்க?" என்று பாஸ்டர் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க பாஸ்டர். ரூம் தூரமா இருக்குதாம். அங்கியே ஜெபம் வெச்சுக்கறாங்களாம்."

அந்த நேரத்திலும் என் வாயிலிருந்து வந்தது இதுதான். தடுமாறாமல் வந்தது. நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

பாஸ்டரின் முகம் வாடிவிட்டது. "அப்படியா? நான் ஏதும் மனசு நோகும்படி சொல்லிட்டேனான்னு கேளுங்க பிரதர். அந்த மூலயப் பாத்துத்தான் நான் பிரசங்கத்தயே ஆரம்பிப்பேன். அம்புட்டு தூரத்துல இருந்து வந்து, பாஷை புரியாம, வேலை செஞ்ச களைப்போட உக்காந்திருக்காங்களே, அதப் பாத்தா எனக்கு ஒரு தெம்பு. இத அவங்ககிட்ட சொல்லுங்க."

அவரும் என் வாயைப் பார்த்தார், அவளும் என் வாயைப் பார்த்தாள். இன்னும் ஒரு பொய் போதும், விஷயம் முடிந்துவிடும். அவர்கள் போய்விடுவார்கள், பாஸ்டரைக் கடுகடுப்பான மனிதர் என்று சாகும்வரை நினைத்துக்கொண்டிருப்பார்கள். அவரும் தன்னிடம் என்ன குறை என்று தேடிக்கொண்டே இருப்பார். என்னை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

அப்போதுதான் குழந்தையைப் பார்த்தேன். எல்லோரும் அறைக்குள் வந்திருந்தோம். அவள் மட்டும் வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். யாரும் நிற்கச் சொல்லவில்லை. சபையில் அவளுக்குத் தெரிந்த இடம் அதுதான்.

என்னால் தாங்க முடியவில்லை. முதலில் தமிழில் சொன்னேன். அந்தப் பெண் சொன்னது எல்லாவற்றையும், யானை உட்பட, ஒன்று விடாமல் சொன்னேன். "நீங்க எதுவும் சொல்லலீங்க பாஸ்டர். நாந்தான். உங்க பேர்ல நாந்தான் சேத்துச் சேத்துச் சொன்னேன்." நாற்காலியிலிருந்து பாதி எழுந்த பாஸ்டர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு அதையும், பாஸ்டர் சொன்னதையும் இந்தியில் சொன்னேன். பன்னிரண்டு வருஷம் பேசிய பாஷை, வாயில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

புகையிலையை விட்டவர் சுவரைப் பார்த்துக்கொண்டார். அந்தப் பெண் பாஸ்டரைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"பாஸ்டர் ஒரு நாள்கூட எங்களைக் குறை சொன்னதில்லையா?"

"ஒரு நாள்கூட இல்லை."

"இரண்டு மழைக்காலம் நான் வெளியே உட்கார்ந்தேன் அங்கிள்ஜி."

அவ்வளவுதான் சொன்னாள். குரல்கூட உயரவில்லை. திட்டியிருந்தால் திருப்பிச் சொல்ல எனக்கு ஏதாவது கிடைத்திருக்கும்; அதில் நான் கெட்டிக்காரன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். மற்ற மூவரும் பின்னால் போனார்கள்.

இனிமேல் அந்த நாற்காலியில் உட்காராதீர்கள் என்று பாஸ்டர் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லமாட்டாரா என்று ஏங்கினேன் என்றே சொல்லலாம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த வாரமும் நீங்கதான் சொல்லணும் பிரதர். எனக்கு வேற ஆளு இல்ல" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "நான் சொல்லுதத மட்டும் சொல்லுங்க" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் சுருக்கென்று தைத்தது. வெட்கத்தைச் சொல்லாமல் இருக்கக் கூடாது: எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷம் ஊழியத்தில் கூட நின்றவனிடம் இப்படி ஒரு வார்த்தையா என்று கேட்க வாயெடுத்தேன். நியாயமான ஒரே ஒரு வாக்கியம், அதுவும் தனி அறையில், அதையே என்னால் தாங்க முடியவில்லை. அவர்கள் இரண்டு வருஷம், சபை நடுவில், நியாயமில்லாததையெல்லாம் தலை குனிந்து கேட்டு, அதற்குத் தக்கபடி தங்களை மாற்றிக்கொண்டு, கடைசியில் மன்னிப்பும் கேட்டிருக்கிறார்கள். எடுத்த வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாதம் போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "உங்க பொலம்பல ஆண்டவர் வார்த்தைன்னு சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அந்த முறையும் நான் பேசாமல்தான் இருந்தேன், ஆனால் கோபத்தினால் இல்லை.

அந்த வாரம் சாயங்காலங்களில் மத்திகிரியில் அறை அறையாக விசாரித்துக்கொண்டு போனேன். வராமல் நின்றுபோன ஏழு பேரில் நான்கு பேர் ஊருக்கே திரும்பிவிட்டார்களாம். இரண்டு பேர் எங்கே வேலைக்குப் போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவனைக் கண்டுபிடித்தேன். நான் சொன்னதை நின்று கேட்டுவிட்டு, "பரவாயில்லை அங்கிள்ஜி" என்று கதவைச் சாத்திக்கொண்டான்.

ஞாயிறு காலை முன்னதாகவே போய்ப் பாயை விரித்தேன். யாராவது வருவார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. முதல் பாட்டு முடிவதற்குள் மூவரும் வந்து உட்கார்ந்தார்கள். என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். அந்தப் பெண் குழந்தையோடு வெளியே தகரத்துக்கு அடியில், பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

எழுந்து வெளியே போனேன். "உள்ளே வாம்மா, குழந்தையோடு உள்ளே வந்து உட்கார்" என்று இந்தியில் சொன்னேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குத்தலும் இல்லை, கோபமும் இல்லை. தெரிந்துகொள்வதற்காகவே கேட்டாள்.

"இது பாஸ்டர் சொல்வதா, நீங்கள் சொல்வதா?"

இனி நான் அவளிடம் சொல்லப்போகிற ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இந்தக் கேள்வி உண்டு என்று அப்போதுதான் புரிந்தது. பாஸ்டர் பெயரைச் சொன்னால் உடனே வந்துவிடுவாள்.

"நான்தான் சொல்கிறேன்" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, எனக்கு முன்னால் உள்ளே போனாள்.

பிரசங்கம் தொடங்கியதும் குழந்தை அழுதாள். பாஸ்டர் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்தினார். நான் அதை மட்டும் சொன்னேன்.