பின்னலில் செருகிய நியங்கலா

போர்க்காலத்தில் வெள்ளவத்தையில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்தேன். பக்கத்து மேசையில் ஒரு சிங்களப் பெண். பறவை பார்ப்பதில் அவளுக்குப் பைத்தியம். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த எனக்குக் காகத்தையும் மைனாவையும் தவிர வேறொன்றும் தெரியாது என்று கண்டுகொண்டவள், ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்து ஓரத்திலுள்ள சதுப்பு நிலத்துக்கு என்னை இழுத்துப்போக ஆரம்பித்தாள்.

பஸ்ஸில் கொஞ்சத் தூரம்தான். அங்கே ஊதா நிறமும் சிவந்த அலகுமாகக் கோழியளவு பறவைகள் கோரைக்குள் நடந்து திரிந்தன. ஆளின் நீளத்துக்கு ஒரு கபரகொய்யா, பெரிய நீருடும்பு, வரம்பைக் கடந்து தண்ணீருக்குள் இறங்கியது. இவ்வளவும் என் ஊரிலா இருந்தது என்று வாயடைத்து நிற்பேன்.

ஒரு நவம்பர் ஞாயிறு, பற்றைக்குள் தீப்பற்றியதுபோல் ஒரு கொடி. இதழ்கள் மேல்நோக்கி வளைந்திருந்தன. நுனி சிவப்பு, அடி மஞ்சள். இலை நுனியே சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடித்திருந்தது.

"நியங்கலா. கிழங்குதான் நஞ்சு" என்று சொல்லி, ஒரு பூவைப் பறித்து என் பின்னலில் செருகிவிட்டாள்.

திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அவள் எனக்கு முன்னால் போய்விட்டாள். எனக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மா என் காதருகே குனிந்தார்.

"பிள்ளை, நீர் தமிழோ?"

"ஓம்."

"தலையில என்ன வச்சிருக்கிறீர் எண்டு தெரியுமோ? கார்த்திகைப்பூ! இயக்கத்தின்ர பூ. கெதியாக் கழட்டும்!"

புலிகள் தங்கள் பூவாக்கிக்கொண்ட கார்த்திகைப்பூவின் பெயரை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். பூவைக் கண்டதில்லை. அப்பாவின் யாழ்ப்பாணத்துக்கு நான் போனதேயில்லை. பிடுங்கிக் கைக்குள் பொத்தினேன். எங்கே எறிவது? பொலிஸ்காரி ஏற்கெனவே என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையைத் திற" என்றாள் சிங்களத்தில்.

கசங்கிய பூ. மற்றக் கையில் தமிழ்ப் பெயர் எழுதிய அடையாள அட்டை.

தோழி ஓடி வந்தாள். "நான்தான் வைத்துவிட்டேன். பூவில் என்ன குற்றம்?" உண்மையாகவே அவளுக்குத் தெரியாது. பொலிஸ்காரி விளக்கியபோது அவள் முகம் வெளிறிப்போனது.

என்னைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். யார் பறிக்கச் சொன்னது, யாருக்குக் காட்ட வைத்தாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவளை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அவள் போகவில்லை, வெளியே வாங்குப் பலகையிலேயே இருந்தாள். பொழுது சாயும் நேரத்தில் அவளுடைய தகப்பன் வந்து பேசிய பிறகுதான் என்னை விட்டார்கள்.

ஓட்டோவில் அவள் அழுதாள். "சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் பறித்திருக்கிறேன். இதற்கும் பிடிப்பார்களா?"

நான் பின்னலை அவிழ்த்துவிட்டேன்.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட என் அம்மா என்னை அறைந்தார். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

சில ஞாயிறுகள் நான் வெளியே போகவில்லை. பிறகு ஒருநாள் காலையில் அவள் எங்கள் கேட்டடியில் வந்து நின்றாள். அம்மா திறக்கவில்லை. நான் போய்த் திறந்தேன். அன்று சதுப்பு நிலம் முழுக்கச் சுற்றினோம். எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் காட்டினாள். ஒரு இலையைக்கூடத் தொடவில்லை.