மழைமானிக்குள் ஒரு தம்ளர் தண்ணீர்

ஒரு தம்ளர் தண்ணீர் ஓர் ஊரின் தாகத்தைக் கூட்டிவிட முடியுமா? பத்து வயதில் இந்தக் கேள்வியை நானே எனக்கு உண்டாக்கிக்கொண்டேன். தண்ணீரை ஊற்றியவளும் நான்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பா ராதாபுரம் பக்கத்தில் ஒரு சிற்றூரில் வருவாய் ஆய்வாளராக இருந்தார். அலுவலகமும் எங்கள் வீடும் ஒரே வளாகத்தில் இருந்தன. வளாகத்தின் நடுவில், கம்பி வேலிக்குள், மழைமானி நின்றது. மேலே புனல், உள்ளே ஒரு குப்பி. புனலில் விழும் மழை குப்பியில் சேரும். காலை எட்டரை மணிக்கு அதைக் கோடு போட்ட அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து, இத்தனை மில்லிமீட்டர் என்று பதிவேட்டில் எழுதி, அஞ்சலகத்துத் தொலைபேசியில் தாலுகாவுக்குச் சொல்ல வேண்டும். அப்பா நாள் தவறாமல் குப்பியை எடுப்பார், வெளிச்சத்தில் பார்ப்பார், பூஜ்யம் என்று எழுதுவார். முந்தைய ஐப்பசியும் கார்த்திகையும் பொய்த்த பிறகு அந்தப் பக்கங்களில் வேறு எண்ணே இல்லை.

அது ஆடி மாதம். அம்பாசமுத்திரத்திலிருந்து மாமா வந்திருந்தார், அம்மாவின் தம்பி. அவர் ஊர் மலையடிவாரத்தில் இருப்பதால் ஆனி, ஆடியில் சாரல் விழும். எங்களுக்கு வந்ததோ காற்று மட்டும். கடலிலிருந்து ஈரத்தோடு வரும் தென்மேற்குக் காற்று மலையேறும்போது குளிர்ந்து, தன் நீரில் பெரும்பகுதியை மலையின் மேற்குச் சரிவிலேயே இறக்கிவிடுகிறது என்பதையும், இப்பக்கம் இறங்கும்போது சூடேறி உலர்ந்துவிடுகிறது என்பதையும் பிற்காலத்தில் பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்தேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், மேகங்கள் எங்கள் தலைக்கு மேல் நிற்காமல் ஓடின என்பதுதான்.

இரவுச் சாப்பாட்டின்போது மாமா தொடங்கினார்.

“அத்தான், உங்க மழைமானிக்குள்ள கோழிய அடகாக்க வைக்கலாம். குஞ்சு பொரிச்சு வளந்து முட்டையிட்டாலும் ஒரு சொட்டு விழாது.”

அம்மா சிரித்துவிட்டாள். அப்பாவும் புன்னகைத்தார். “கோழிக்கும் தாலுகாவுல உத்தரவு வாங்கணும் மாப்ள,” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் பூஜ்யம் எழுதும் வேலை, கணக்கில் பூஜ்யம் வாங்கும் பிள்ளையின் நிலைபோல எனக்கு அவமானமாகப் பட்டது. என் அப்பாவுக்கு ஒரு நல்ல எண் கிடைக்க வேண்டும் என்று தோன்றியது.

மறுநாள் அப்பா ஒரு கூட்டத்துக்காகப் பாளையங்கோட்டை போனார். அதற்கடுத்த நாள் முதல் பேருந்தில்தான் திரும்புவார். அவர் திரும்பும் நாள் காலை அளவெடுக்க வேண்டியவர், அவருக்கு உதவியாளரான தலையாரி. அன்று ஏழு மணிக்கு, அம்மா அடுப்படியில் இருந்த நேரம், குடத்திலிருந்து ஒரு தம்ளர் தண்ணீரை மொண்டு சென்று புனலுக்குள் ஊற்றினேன். ஒரு துளியும் சிந்தவில்லை என்பதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

எட்டரைக்குத் தலையாரி குப்பியைத் திறந்தார். வானத்தைப் பார்த்தார்; குப்பியைப் பார்த்தார்; மறுபடி வானத்தைப் பார்த்தார். ஆனால் கருவி சொல்வதை எழுது என்று உத்தரவிடப்பட்ட மனிதர் அவர். தம் கண்ணைவிட அரசாங்கத்துக் குப்பியை நம்பினார். பன்னிரண்டு மில்லிமீட்டர் என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டு அஞ்சலகத்துக்குச் சைக்கிளை மிதித்தார்.

அவர் திரும்பி வந்தபோது வாசலில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். வறட்சி கிராமங்களின் பட்டியலுக்கு மழை விவரம் போக வேண்டிய நாள் அது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியாது. பட்டியலில் இடம்பெறும் ஊருக்கே தண்ணீர் லாரி வரும்.

“எம்புட்டு அண்ணாச்சி?” என்றார் ஆடு வளர்ப்பவர் ஒருவர்.

“பன்னெண்டு.”

“எங்கன வே பெஞ்சுது? உம்ம வழுக்கத் தலையிலயா?”

“குப்பியில இருக்கே, நான் என்ன செய்ய? ராத்திரி எல்லாரும் உறங்கும்போது பெஞ்சிருக்கும்.”

“முத்தத்துல காயப்போட்ட மொளகா அப்படியே கெடக்கு. மொளகாய விட்டுட்டு மழ குப்பிக்குள்ள மட்டும் எறங்குச்சாக்கும்?”

கூட்டத்தில் என் வகுப்புத் தோழியின் தாய் இருந்தாள். அவள் கேலி பேசவில்லை. “பன்னெண்டுன்னு போனா லாரி வராதுல்லா அண்ணாச்சி?” என்று மெதுவாகக் கேட்டாள். “எம்மவ விடிய முன்ன ஊத்துல போய்க் காத்துக் கெடந்து ஒரு கொடம் எடுக்கா.”

அந்த மகள் பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஏன் எப்போதும் தூங்கி விழுகிறாள் என்பது அப்போதுதான் விளங்கியது. வீட்டுக்குள் ஓடி மாமாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். நான் சொன்னதைக் கேட்டதும் அவர் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது.

“ஏட்டி, பாதகத்தி! உங்கப்பா வேலைக்குல்லா உல வச்சுட்ட!”

அதற்குள் அப்பா பேருந்திலிருந்து இறங்கி வந்துவிட்டார். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவர் பதிவேட்டைக் கேட்கவில்லை. நேரே வேலிக்குள் சென்று குத்துக்காலிட்டு, மழைமானியின் அடியில் ஒரு பிடி மண்ணை எடுத்து விரல்களை விரித்தார். மண் புழுதியாய்க் காற்றில் பறந்தது.

“தண்ணி இருக்கு. மழ இல்ல,” என்றார்.

நான் மாமாவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். “நாந்தாம்ப்பா ஊத்துனேன். மாமா நம்ம ஊரக் கேலி பண்ணுதாங்கல்லா, அதான்.”

அப்பா என்னை அடிக்கவில்லை, என்னைப் பார்க்கவுமில்லை. தலையாரியிடம், “சொல்லியாச்சா?” என்று மட்டும் கேட்டார்.

“இல்லய்யா. விடியக்காலம் அடிச்ச காத்து தந்திக் கம்பத்தச் சாச்சுட்டு. லைன் இல்லன்னு தபாலாபீசுல திருப்பி அனுப்பிட்டாவ.”

அப்பா வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நீளமாக மூச்சு விட்டார். அந்த மூச்சு கூட்டம் முழுவதற்கும் பரவியது. வழக்கமாக எல்லாரும் திட்டும் ஆடிக் காற்றை அன்று ஒருவரும் திட்டவில்லை.

“நம்ம ஊருக்கு மழ பெய்ய வைக்க ஒரு பிள்ளையாவது இருக்கே வே!” என்றார் ஆட்டுக்காரர். தோழியின் தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமா எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார். அதில் பாதி பயம் தெளிந்த சிரிப்பு.

அப்பா பதிவேட்டை வாங்கினார். பன்னிரண்டின் மேல் ஒரே கோடு இழுத்தார். எண் படிக்கும்படியாகவே இருந்தது. கீழே, “மழை இல்லை. குப்பியில் இருந்த நீர் என் மகள் ஊற்றியது” என்று எழுதிக் கையொப்பமிட்டார். பிறகு அடுத்த பேருந்திலேயே, விவரத்தை நேரில் கொடுக்கத் தாலுகாவுக்குப் புறப்பட்டார். விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. அதற்குமேல் ஒன்றும் ஆகவில்லை. சில வாரங்களில் ஊருக்குத் தண்ணீர் லாரி வந்தது. என் தோழி வகுப்பில் விழித்திருந்தாள்.

கொஞ்சம் தண்ணீர்தானே என்று அப்பா என்னை மன்னித்துவிட்டதாகவே அன்று நினைத்தேன். ஒரு சாண் அகலம்கூட இல்லாத அந்தப் புனலின் வாய் சுற்றுவட்டார நிலம் முழுவதற்குமாகப் பேசியது என்பது எனக்குத் தெரியாது. ஒரு நாள் வானம் செய்வது வானிலை. ஆண்டுக்கணக்கில் அது செய்ததையும் செய்யாததையும் சேர்த்துப் படித்தால்தான் ஒரு நிலத்தின் காலநிலை தெரியும். அப்பா எழுதிய பூஜ்யங்கள்தாம் அந்த மக்களின் பஞ்சத்துக்கு இருந்த எழுத்துச் சாட்சி. தலையாரி தவறாக அளந்துவிட்டார் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அப்பா எளிதாகத் தப்பியிருக்கலாம் என்பதும் எனக்கு அப்போது புரியவில்லை.

மறுநாள் முதல் வேலிக் கதவில் ஒரு பூட்டுத் தொங்கியது. அதன் சாவியை அப்பா தலையாரியிடமே கொடுத்திருந்தார்.