கோழித்திருடனுக்கு யார் "இருக்கேன்" சொல்வது

எங்கள் தோட்டத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. அடையாள அட்டையில் ஏதோ ஒன்று இருக்கும், அதை யார் பார்த்தார்கள்? சாமி பெயர்கள் கொஞ்சம், பிள்ளைகள் நிறைய. ஒரே பெயரில் ஏழு பேர் இருந்தால், வேலை வாங்கும் மண்டோர் எப்படித்தான் ஆளைக் கூப்பிடுவார்? அதனால் எல்லாருக்கும் பட்டப்பெயர். எனக்கு மிளகாய்த்தூள். ஏன் என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லும் விதத்திலேயே காரணம் புரிந்துவிடும்.

தோட்டம் கோலா சாவா பக்கம். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள், நாங்கள் குடியிருந்த லயங்களை இடித்தார்கள், நாங்கள் தெமியாங், மந்தின் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். கோயில் மட்டும் அங்கேயே இருக்கிறது. திருவிழா முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்துப் பொது மண்டபத்தில் எல்லாரும் கூடுவோம். சர்ச்சுக்குப் போகிறவர்களும் பூசை முடிந்த கையோடு வந்துவிடுவார்கள். கொஞ்சம் தாமதித்தால் வறுத்த மீகூன் சேமியா தீர்ந்துவிடும் என்று அவர்களுக்கும் தெரியும். எங்கள் ஆட்கள் மீகூனை மிச்சம் வைத்ததாகச் சரித்திரமே இல்லை.

சாப்பாட்டுக்கு முன்னால் பெரட்டு. அந்தக் காலத்தில் வேலைக்குப் போகுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குத்தான் பெரட்டு என்று பெயர். இப்போது அந்த வருடம் இறந்துபோனவர்களைக் கூப்பிடுகிறோம். பெயரைச் சொன்னதும், அவரைத் தெரிந்தவர்கள் சேர்ந்து "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். முதல் வருடம் இதைக் கேட்டுப் பூசாரி மிரண்டுவிட்டார்.

"செத்தவங்களுக்கு இருக்கேன்னு சொல்றதா? எப்படிம்மா?"

"செத்தவங்களே சொன்னாத்தான் சாமி நீங்க பயப்படணும். நாங்கதானே சொல்றோம்" என்றேன்.

பழைய மண்டோர் இன்னும் முன்வரிசையில் வந்து உட்காருகிறார். ஆனால் கூப்பிடும் அளவுக்குக் குரல் இல்லை. அதனால் நாலு வருடமாக மைக் என் கையில்.

இந்த வருடம் மூன்று பேர். ஒருவர் சிங்கப்பூர். மச்சான் கல்யாணத்துக்கு மூன்று நாள் சிங்கப்பூர் போய் வந்தவர், அதற்கப்புறம் நாற்பது வருடம் எதைக் கண்டாலும் "சிங்கப்பூர்ல இப்படி இல்ல" என்பார். மழை பெய்தாலும் அதே பேச்சு. கடைசியில் ஆஸ்பத்திரியில் கஞ்சி ஊட்டிய நர்ஸிடமும் அதையே சொன்னாராம். அவள் மலாய்க்காரப் பெண். பாவம், நல்லா இருக்கிறது என்கிறார் போல என்று நினைத்து இன்னொரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தாளாம்.

இன்னொருவர் ரெண்டு நிமிஷம் என்கிற அம்மா. "ரெண்டு நிமிஷந்தான், போயிடுவேன்" என்று வாசலில் நின்றபடியே பேசுவார். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார், உட்கார்ந்தால் நேரமாகிவிடுமாம். நின்றே ஒன்றரை மணி நேரம். எங்கள் வீட்டில் எத்தனை நாள் சோறு தீய்ந்ததோ அத்தனைக்கும் அவர்தான் பொறுப்பு. ஆனால் எனக்குத் தலைப்பிரசவ வலி கண்ட அன்று, அதே ரெண்டு நிமிஷம் காலையிலிருந்து சாயங்காலம் வரை என் கையை விடவில்லை. அன்றும் உட்காரவில்லை.

மூன்றாவது ஆள் கோழித்திருடன். மனுஷர் வாழ்நாளில் ஒரு கோழி முட்டையைக்கூடத் திருடியதில்லை. நான் அப்போது சின்னப் பெண், அம்மாவோடு பெரட்டுக் களத்தில் நின்று என் கண்ணால் பார்த்தேன். விடியற்காலை, நல்ல மழை. தோட்டத்து ஆபீஸ் கிராணி வீட்டுச் சேவல் கால்வாயில் விழுந்து நனைந்து கிடந்திருக்கிறது. இவர் அதைத் தூக்கி, குளிருமே என்று சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நேரே பெரட்டுக்கு வந்துவிட்டார். மண்டோர் இவர் பெயரைக் கூப்பிட்டார். இவர் வாயைத் திறப்பதற்குள் சட்டைக்குள்ளிருந்து சேவல் கூவியது. களமே விழுந்து விழுந்து சிரித்தது. கிராணிகூடச் சிரித்துவிட்டார். அன்று ஒட்டிய பெயர்தான்.

அவர் செத்ததே எனக்குத் தெரியாது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தோட்டத்து வாட்சப் குழுவில் ஒரு மரண அறிவிப்பு வந்தது. தோட்டத்தில் ஏழு பேருக்குப் பொதுவாக இருந்த பெயர், கூடவே கோட்டும் டையும் போட்ட ஒரு கனவானின் படம். கம்ப்யூட்டரில் ஒட்டிய கோட்டு. நாங்கள் பார்த்த மனுஷர் தலையில் துண்டும் முழங்கால் வரை மடித்துக் கட்டிய கைலியுமாக இருந்தவர். நான் யாரோ என்று நினைத்துக் கைகூப்பும் படத்தை அனுப்பிவிட்டு மீன் வாங்கப் பசாருக்குப் போய்விட்டேன். குழுவில் இருந்த மற்றவர்களும் கைகூப்பிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்திருக்கிறார்கள். பதினைந்து நாள் கழித்து விஷயம் தெரிந்தபோது என்னையே நான் திட்டிக்கொண்டேன்.

மந்தினில் இருக்கும் அவர் மகளைப் பார்க்கப் போனேன். குடிக்கத் தேத்தண்ணீர் கலக்கிக் கொடுத்தாள். முகம் கொடுத்துப் பேசவில்லை.

"என் சாவுக்குத் தோட்டமே வரும்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு ஆன்ட்டி. அத நம்பி எரநூறு பேருக்குச் சாப்பாடு சொல்லிட்டேன். பதினெட்டுப் பேரு வந்தாங்க. அத்தன சோறும் மிச்சம். அம்மா அதப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாங்க."

"பேரு தெரியலம்மா. பட்டப்பேரையும் சேத்துப் போட்டிருந்தா ஓடி வந்திருப்போம்."

"எப்படிப் போடுறது? கோழித்திருடன் இயற்கை எய்தினார்னா?"

நான் சேவல் கதையைச் சொன்னேன். கேட்டாள். சிரிக்கவில்லை.

"கத நல்லாத்தான் இருக்கு. பேரு திருடன்தானே. என் கல்யாணத்துல நம்ம ஆளு ஒருத்தரு வாசல்ல நின்னு, கோழித்திருடன் வீட்டுக் கல்யாணம் இதுதானான்னு கத்துனாரு. எங்க மாமியா வீட்டுக்காரங்க அன்னைக்கு முழுக்க கைப்பைய மடியிலேயே வச்சிருந்தாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன், இருந்தாலும் அவள் பார்த்துவிட்டாள். பெரட்டுக்கு வா என்று கூப்பிட்டேன். வருகிறேன், ஆனால் அந்தப் பெயரை மைக்கில் சொல்லக் கூடாது, வாட்சப்பிலும் போடக் கூடாது என்றாள். சரி என்று வாக்குக் கொடுத்தேன். வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே புத்தியில் உறைத்தது. பட்டப்பேரைச் சொல்லாவிட்டால் ஒருவருக்கும் ஆளைத் தெரியாது. ஒரு தடவை ஆளில்லாமல் போன மனுஷர் இரண்டாம் தடவையும் ஆளில்லாமல் போவார், அதுவும் அந்தப் பெண்ணின் கண் முன்னால். மிளகாய்த்தூளுக்கு நாக்கு நீளமே தவிர யோசனை நீளம் போதாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மட்டும் வந்தாள். அம்மாவுக்கு முழங்கால் வலி. மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்தாள்.

நான் சிங்கப்பூரைக் கூப்பிட்டேன். "இருக்கேன்" என்று கூரை அதிர்ந்தது. பின்னாலிருந்து ஒரு குரல், "சிங்கப்பூர்ல இப்படிக் கத்த மாட்டாங்க." சிரிப்பு அடங்கக் காத்திருந்து ரெண்டு நிமிஷத்தைக் கூப்பிட்டேன். அவருக்காக எல்லாரும் எழுந்து நின்றே குரல் கொடுத்தார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அப்புறம் அந்தச் சொந்தப் பெயரைக் கூப்பிட்டேன்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மரியாதைக்காக இரண்டு பேர் மெல்ல "இருக்கேன்" என்றார்கள், அதிலும் ஒருவர் வேறு யாரையோ நினைத்துக்கொண்டு சொன்னார் என்று பின்னால் தெரிந்தது. மறுபடியும் கூப்பிட்டேன். பின்வரிசையில் ஒரு அம்மா, "இது எந்த லயத்து ஆளு?" என்று பக்கத்தில் கேட்டது மைக் வரைக்கும் கேட்டது. மூன்றாவது வரிசையில் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பட்டப்பெயர் என் நுனிநாக்கில் நின்றது. சொல்லிவிடலாம், ஒரே சொல்தான். கொடுத்த வாக்கை எப்படி மீறுவது? மைக்கைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து நின்றாள்.

"நான் கோழித்திருடன் மக" என்றாள்.

முன்வரிசையிலிருந்து, உடைந்துபோன குரலில், மண்டோர் கூவினார்.

"கொக்கரக்கோ."

அவ்வளவுதான். மண்டபம் முழுக்கச் சேவலாகிவிட்டது. கிழடு கட்டைகள் கையைத் தட்டிக்கொண்டு கூவினார்கள். சர்ச்சு ஆட்கள் கூவினார்கள். பூசாரி மடப்பள்ளிப் பக்கமிருந்து ஓடி வந்து பார்த்தார். கூவிக்கொண்டே பாதிப் பேர் அழுதார்கள், ஏனென்றால் அந்த நிமிஷம்தான் அவர் செத்துவிட்டார் என்பது அவர்களுக்குத் தெரிந்தது. நானும் அழுதேன், மைக்கிலேயே அழுதேன்.

மண்டோர் அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "அன்னைக்கும் இப்படித்தாம்மா. நான் பேரைக் கூப்பிட்டேன். உங்கப்பன் வாயத் தொறக்கல, சேவதான் பதில் சொல்லுச்சு. கோழிக்கும் சேத்து ஒரு நாள் கூலி போடவான்னு கேட்டேன்."

அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு அவளைச் சுற்றி ஒரு வரிசையே நின்றுவிட்டது. ஒருத்தருக்கு அவர் கூரை மாற்றிக் கொடுத்த கதை, ஒருத்தருக்குப் பாம்பு அடித்த கதை, ஒருத்தருக்குச் சும்மா அவர் நடக்கும் நடை. சாப்பிடுங்கள், ஆறுகிறது என்று நான் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. மத்தியானம் பார்த்தால் பெரிய சட்டியில் மீகூன் மிஞ்சியிருந்தது.

அவள் வந்து சட்டியை எட்டிப் பார்த்தாள். "அப்பா செத்தப்பவும் சாப்பாடு மிச்சமாச்சு ஆன்ட்டி."

"அது வேற மிச்சம்லா, இது வேற மிச்சம்."

"அம்மாவுக்கு ஒரு பொட்டலம் கட்டிக் குடுங்க."

கட்டினேன். மேசையில் ஏற்கெனவே ஏழெட்டுப் பொட்டலங்கள் இருந்தன, மாறிவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனாவால் எழுதி வைத்திருந்தோம். பேனாவைத் திறந்துகொண்டு, என்ன பெயர் போடட்டும் என்று கேட்டேன். அவள் என் கையிலிருந்து பேனாவை வாங்கித் தானே குனிந்து எழுதினாள்: கோழித்திருடன் வீடு.