சூரியந்தின்னியின் நிகர எடை

பழைய இரும்பு வாங்கும் அந்த யார்டின் எடைமேடையில் காலை ஆறிலிருந்து இரண்டு வரை அவள். இரண்டிலிருந்து இரவு பத்து வரை நான். பதினோரு வருடம் ஒரே நாற்காலியை இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தேய்த்தோம். நான் முழங்கால் கெட்டு லாரியை விட்டு இறங்கியவன். அவள் இந்த வேலைக்கென்றே வந்தவள். டிரைவர்கள் அவளை எடையக்கா என்பார்கள். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நான் மட்டும் 'ஏம்மா' என்பேன்.

வேலை என்னவோ சுலபம்தான். லாரி சரக்கோடு மேடையில் ஏறும், ஒரு எடை. இறக்கிவிட்டு வெறும் வண்டியாக ஏறும், இன்னொரு எடை. கழித்தால் வருவது நிகர எடை. ஆனால் வருகிறவன் எவனும் யோக்கியன் இல்லை. சரக்கோடு ஏறும்போது தண்ணீர் டிரம்மை நிரப்பிக்கொண்டு வந்து, வெறும் வண்டியாகத் திரும்பும்போது கொட்டிவிட்டு வருவான். இல்லையென்றால் வெறும் வண்டியின் பின்சக்கரத்தை மேடைக்கு வெளியே நாலு விரல் தள்ளி நிறுத்துவான். நானே டிரைவராக இருந்த காலத்தில் இதில் பாதியைச் செய்திருக்கிறேன். அப்படியும் என்னை ஏமாற்றியவர்கள் உண்டு. அவளை ஏமாற்றியவன் கிடையாது. கண்ணாடி ஜன்னலை ஒரு சாண் நகர்த்தி, குரலை உயர்த்தாமல், "கொஞ்சம் முன்னாடி எடுங்க" என்பாள். எடுத்துவிடுவான்.

லாரிக்கும் லாரிக்கும் நடுவே போனில் எதையோ தட்டிக்கொண்டே இருப்பாள். ஒருநாள் ஷிப்டு மாறும்போது கேட்டுவிட்டேன்.

"யாருக்கும்மா இவ்வளவு நீளக் கடுதாசி?"

"நாப்பத்தோராயிரம் பேருக்குண்ணே."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். போனைத் திருப்பிக் காட்டினாள். 'யாரு பெரியவன்' என்று ஒரு குழு. கதைகளில், தொடர்களில், படக்கதைப் புத்தகங்களில் வருகிற வில்லன்களை ஒருத்தனோடு ஒருத்தன் மோதவிட்டால் எவன் ஜெயிப்பான் என்று அங்கே நாளெல்லாம் சண்டை. இந்தக் கதை வில்லன் அந்தக் கதைக்குள் போனால் என்ன ஆகும், மந்திரக்காரியை விண்வெளிக்காரன் என்ன செய்வான், இப்படி. சண்டை முற்றினால் எடைக்காரர் என்ற பெயரில் ஒருவர் வந்து தீர்ப்புச் சொல்வார். அதோடு எல்லோரும் அடங்கிவிடுவார்கள். அந்த எடைக்காரர் இவள்தான். ஒன்பது வருடமாக. குழுவில் அத்தனை பேரும் அவளை 'அண்ணே' என்றுதான் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"பொம்பளைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"ஆரம்பத்துலயே ஆம்பளைன்னு நெனச்சுட்டாங்க. சண்டை நல்லாப் போயிட்டு இருந்துச்சு. நடுவுல புகுந்து கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

இந்தப் பைத்தியம் அவளுக்குத் தம்பியால் வந்தது. அம்மா போனபோது அவளுக்கு இருபது, தம்பிக்கு ஆறு. அப்பா வேலைக்கென்று வெளியூர் போனவர், போனவர்தான். தம்பிக்குச் சோறு இறங்க வேண்டுமென்றால் டிவியில் வில்லன் வர வேண்டும். வந்தால் மட்டும் போதாது, அக்கா அந்த வில்லனுக்காக வாதாட வேண்டும். அவன் எதிர்க்கட்சி. ஒரு வாய்க்கு ஒரு வாதம். அப்படியே வளர்த்துப் படிக்க வைத்து, கார் ஷோரூமில் வேலைக்குச் சேர்த்து, கல்யாணமும் பண்ணி வைத்தாள். தனக்கென்று வந்த இரண்டு வரன்களையும் 'அவன் பரீட்சை முடியட்டும்' என்று தள்ளிப்போட்டாள். பரீட்சை முடிந்தபோது வரன்கள் வேறு வாசல் பார்த்துப் போயிருந்தார்கள். தம்பி, தம்பி மனைவி, இவள் மூன்று பேரும் ஒரு மாடி வீட்டில் இருந்தார்கள். தம்பி வளர்ந்து அந்த விளையாட்டை மறந்தான். இவள் மறக்கவில்லை.

அவளுடைய கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வில்லன் ஒரு டயர் கடைக்காரன்தான் என்றாலும், அவள் சொல்லும்போது கேட்டுக்கொண்டிருப்பேன். சூரியந்தின்னி என்று ஒருவன், விண்வெளித் தொடரில் வருகிறவன். சூரியன்களை விழுங்குவானாம். கடிதக்காரன் என்று இன்னொருவன், துப்பறியும் படக்கதையில். அவனுக்கு ஒரு சக்தியும் கிடையாது. ஆட்களுக்குக் கடிதம் எழுதுவான். படித்தவர்கள் தாங்களாகவே அழிந்துபோவார்கள்.

"இதுல என்னம்மா போட்டி? சூரியனையே முழுங்குறவன் முன்னாடி கடுதாசி எழுதுறவன் நிப்பானா?"

"லாரியோட சேத்துப் பாக்குறீங்க அண்ணே. சூரியந்தின்னியோட கப்பலக் கழிங்க. ஏழு தளபதிங்களக் கழிங்க. அந்தக் கறுப்புக் கல்லக் கழிங்க. மிச்சம் என்ன? மூச்சு வாங்குற ஒரு கிழவன். நாலாவது பாகத்துல படியேற முடியாம ஒக்காந்துருவான். கடிதக்காரன்ட்ட பேனாவக் கழிச்சாலும், எவன் எதுக்கு வெக்கப்படுறான்னு அவனுக்குத் தெரியும். அதைக் கழிக்க முடியாது."

இதைச் சொல்லும்போது அவள் முகம் வேறாக இருந்தது. அந்த அறையில் ஒரு சிவப்பு எண்பலகை, ஒரு அச்சு இயந்திரம், மூன்று நிறத்தில் சீட்டு, ஜன்னல் முழுக்க இரும்புத் தூசி. அதற்குள் உட்கார்ந்துகொண்டு நாற்பத்தோராயிரம் பேருக்கு நியாயம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சூரியந்தின்னியை வைத்துப் பெரிய படம் ஒன்று வரப்போகிறது என்று செய்தி வந்தது. படக்காரர்கள் விளம்பரத்துக்காக எடைக்காரரைத் தேடிக் குழுவுக்குத் தகவல் அனுப்பியிருக்கிறார்கள். குழுவை நடத்துகிற சாவி, ஆளைச் சேர்க்கவும் நீக்கவுமான அதிகாரம், இரண்டு பேரிடம் இருந்தது. அவளுக்குக் காய்ச்சல் கண்ட ஒரு வாரத்தில் தம்பியிடம் கொடுத்தது, அவனிடமே இருந்துவிட்டது. தகவலை அவன் முதலில் பார்த்தான்.

அதற்கப்புறம் நடந்ததை எனக்குச் சொன்னவன் ஒரு டிரைவர். தகரச் சுருள் ஏற்றி வருகிறவன், குழுவில் வெகுநாள் ஆள். எடைக்காரர் இந்த அக்காதான் என்று அவனுக்குத் தெரியாது. காலை பதினோரு மணிக்குச் சீட்டுக்காக ஜன்னலில் நின்றவன் போனை உள்ளே நீட்டினான்.

"அக்கா, இங்க பாருங்க. ஒம்போது வருஷமா மூஞ்சியே காட்டாத மனுஷன், இன்னைக்கு நேரலையில வந்துட்டாரு."

புதுச் சட்டையில் அவளுடைய தம்பி உட்கார்ந்திருந்தான். பின்னால் சூரியந்தின்னியின் படம். "எல்லாம் ஒரு பொழுதுபோக்காத்தான் ஆரம்பிச்சேன்" என்று சிரித்துக்கொண்டிருந்தான். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சட்டை நல்லாருக்கு" என்றாளாம். சீட்டைக் கிழித்துக் கொடுத்தாளாம். அன்றைய சீட்டுகளை நான் மதியம் அடுக்கிவைத்தேன். அதற்குப் பிறகு ஆறு லாரி எடை போட்டிருக்கிறாள். ஒன்றிலும் ஒரு கிலோ பிசகவில்லை.

வீட்டில் நடந்ததைப் பல நாள் கழித்துத் துண்டு துண்டாகச் சொன்னாள். தம்பி ராத்திரிச் சாப்பாட்டின்போது தானாகவே பேச்சை எடுத்திருக்கிறான்.

"அவங்களுக்கு ஒரு முகம் வேணும்னாங்கக்கா. உன்னைக் கேட்டா ஒத்துக்கமாட்ட."

"கேட்டியா?"

"கேட்டா என்ன சொல்லுவ? மேடையேறி நிப்பியா?"

"எல்லாருக்கும் உண்மையச் சொல்லிருவேன்."

அவன் கோபப்படவில்லை. தட்டில் கையை அலம்பிக்கொண்டே மெதுவாகப் பேசினான்.

"சொல்லு. நாப்பத்தாறு வயசு, கல்யாணம் ஆகல, எடைமேடையில ஒக்காந்து பொம்மைப்படம் பாக்குறான்னு சிரிப்பாங்க. குழுவுல சிரிக்கிறது வேற. உன் யார்டுல சிரிப்பாங்க. அந்த டிரைவருங்க சிரிப்பாங்க. உன்னால தாங்க முடியாதுக்கா. உன்னப் பத்தி எனக்குத் தெரியாதா?"

தம்பி மனைவி எழுந்து பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போனாளாம். அடுக்களையில் இவள் பக்கத்தில் நின்று, "எனக்கு முன்னாடியே தெரியும் அண்ணி. சொல்லக் கூடாதுன்னுட்டாரு" என்றாளாம்.

மறுநாள் காலை வேலைக்கு வந்து, சூரியந்தின்னியா கடிதக்காரனா என்ற பெரிய போட்டிக்குத் தன் தீர்ப்பை எழுதிப் போட்டாள். கடிதக்காரன்தான், காரணங்கள் இவை என்று. பத்து நிமிடம் நின்றது. அப்புறம் காணோம். அந்த இடத்தில் சூரியந்தின்னிக்கே வெற்றி என்று ஒரு வரி இருந்தது. சிறிது நேரத்தில் அவளையே குழுவிலிருந்து நீக்கிவிட்டான். அவள் ஆரம்பித்த குழு. வாசல் கதவு முகத்தில் சாத்தியதுபோல் இருந்திருக்கும்.

அவள் இன்னொரு பெயரில், இந்தத் தடவை பெண் பெயரில், மறுபடி உள்ளே போனாள். தீர்ப்பு தப்பு என்று வாதாடினாள். அதே ஆட்கள்தான், ஒன்பது வருடம் அவள் சொல்லுக்கு அடங்கியவர்கள். 'உங்களுக்கு ஏங்க இந்த வேலை, போய் அடுப்பைப் பாருங்க' என்று ஒருவன். 'எடைக்காரருக்கே எடை சொல்றாங்க' என்று இன்னொருவன். 'எடைக்காரர் நான்தான்' என்று எழுதினாள். முந்நூறு பேர் சிரிப்புப் படம் போட்டார்கள். அவற்றை எண்ணிச் சொன்னாள் என்னிடம்.

"தகரக்காரன் குழுவுல பழைய ஆளாச்சேம்மா, உனக்காகப் பேசுவான். அவன்ட்ட சொல்லு."

"சொன்னேன் அண்ணே. தலையச் சொறிஞ்சான். 'இருக்கலாம்க்கா, விடுங்க'ன்னுட்டுப் போயிட்டான். இப்பல்லாம் ஜன்னல்கிட்ட நிக்கிறதில்ல. கிளீனர அனுப்புறான்."

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையை நான் வேறுமாதிரி சொல்லியிருப்பேன். இரண்டு மாதம் கழித்து, தீர்ப்பு எழுதத் தெரியாமல் தம்பி திண்டாடினான். சாம்பல் ராணி என்று தொட்டதைச் சாம்பலாக்குகிற ஒருத்தியை, கடலுக்கடியில் இருக்கிற எவனோடோ மோதவிட்டுவிட்டுக் குழு காத்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் அக்காவின் அறை வாசலில் வந்து உட்கார்ந்தான்.

"சாம்பல் தண்ணியில கரைஞ்சிரும்ல? அப்ப அவ தோத்துருவாளாக்கா?"

"கடலையே தொட்டான்னா?" என்றாள் இவள், யோசிக்காமல்.

எட்டு மாதம் எழுதிக் கொடுத்தாள். அவன் பெயரில் போனது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"மானம் ரோஷம் ஒண்ணும் இல்லையாம்மா உனக்கு?"

"இருக்குண்ணே. ஆனா எழுதாம இருந்த ரெண்டு மாசமும் கை நமநமன்னுச்சு. வேற எங்க போய் எழுதுறது? அங்கதான கேக்குறதுக்கு ஆளிருக்கு."

ஒரே ஒரு விஷயத்தில் மசியவில்லை. சூரியந்தின்னி ஏன் ஜெயித்தான் என்று எழுதித் தரச் சொல்லி அவன் எவ்வளவோ கெஞ்சியும் மாட்டேன் என்றுவிட்டாள்.

படம் வருவதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு கல்லூரியில் கூட்டம் போட்டார்கள். தம்பி மேடையில். ஒரு மாணவி எழுந்து கேட்டாள். "அஞ்சு வருஷம் முன்னாடி கடிதக்காரனைப் பத்தி நீங்க எழுதினத நான் இன்னும் வச்சிருக்கேன் சார். பேனாவக் கழிச்சாலும் மிச்சம் இருக்கும்னீங்க. இப்ப எப்படி மாத்தினீங்க? சூரியந்தின்னிகிட்ட எதைக் கழிக்காம விட்டீங்க?"

அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. 'அது வந்து, சூரியன் பெருசு இல்லையா' என்றான். கூடம் சிரித்தது. அந்தச் சிரிப்பு ஒரே நாளில் ஊரெல்லாம் போன் போனாகப் போயிற்று. படக்காரர்கள் அவனைக் கழற்றிவிட்டார்கள். ஷோரூமில் உடன் வேலை பார்ப்பவர்கள், 'சூரியன் பெருசு' என்றே அவனைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். தன்னால் தாங்க முடியாததைத்தான் அக்காவுக்குச் சொல்லி மிரட்டியிருக்கிறான், பாவி.

அன்று வீட்டுக்கு வந்து அக்காவைப் பார்த்துக் கத்தினானாம். "வேணும்னேதான் எழுதித் தரல. நான் சிரிப்பா சிரிக்கணும்னு காத்துட்டு இருந்த."

அவள் பதில் சொல்வதற்குள், கண்ணெதிரிலேயே குழுவை அழித்தான். உறுதியாக அழிக்கவா என்று போன் இரண்டு தடவை கேட்டதாம். இரண்டு தடவையும் ஆமாம் என்றான். ஒன்பது வருடத் தீர்ப்புகள், அவற்றுக்கு மேல் நாற்பத்தோராயிரம் பேர் போட்ட சண்டைகள், எல்லாம் போயிற்று. அவளிடம் பிரதி எதுவும் இல்லை. வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றவே இல்லை என்றாள்.

அந்த மாதமே யார்டுக்கு எதிர்த் தெருவில் ஒற்றை அறை பார்த்துக் குடிபோனாள். பெட்டி, பாய், ஸ்டவ் எல்லாம் யார்டு லாரியில்தான் போயிற்று. நான் கூடப் போய் இறக்கினேன். தம்பி வீட்டிலிருந்து யாரும் மாடியை விட்டு இறங்கி வரவில்லை. லாரிக்கு நடுவே போனைத் தொடுவதை நிறுத்திவிட்டாள். சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவளைப் பேசவைப்பதற்காக, "சாம்பல் ராணியும் கடிதக்காரனும் மோதினா யாரும்மா ஜெயிப்பா?" என்று கேட்டேன். பெயரெல்லாம் சரியாக ஞாபகம் வைத்துச் சொன்னதில் எனக்கே பெருமை.

"தெரியலண்ணே" என்றாள்.

தம்பிக்குப் பிள்ளை பிறந்ததாக அவன் மனைவியே போன் செய்தாள். இவள் ஒருநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனாள். அன்று காலை வேலையையும் நான்தான் பார்த்தேன். மூன்று மணிக்கெல்லாம் திரும்பி யார்டுக்கு வந்துவிட்டாள்.

"என்னம்மா, பேசினானா?"

"புள்ளைக்கு மூக்கு எங்கம்மா மூக்குன்னான். ஆமான்னேன்."

"அவ்வளவுதானா?"

"அதுக்கப்புறம் ரெண்டு பேருக்கும் ஒண்ணும் வரல. புள்ள தூங்கிருச்சு. வந்துட்டேன்."

"நானா இருந்தா போயிருக்கவே மாட்டேன்" என்றேன்.

வெளியே ஒரு லாரி மேடையில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் அதன் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"போயிருப்பீங்க அண்ணே."